ஜூரி செலக்‌ஷன்ல ஆள் எடுக்க உரிமை கிடையாது, கழிக்கத்தான் உரிமை

கேள்வி என்னன்னு மொதல்ல சொல்லிடறேன். ஒருத்தர் கேட்டிருந்தாரு: "அமெரிக்காவுல எங்க சொந்தக்காரப் பையன் மேல ஒரு ஃபெலனி (பெரிய குற்றம்) கேஸ். ப்ளீ டீல் (குற்றத்த ஒத்துக்கிட்டு தண்டனையக் கொறைச்சுக்கற பேரம்) வேணாம்னுட்டான், அடுத்த மாசம் ட்ரையல், மொத நாள் ஜூரி (குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற பொதுமக்கள் குழு) செலக்‌ஷனாம். அவன் இருக்கற கவுண்டில (மாவட்டம் மாதிரி) நம்மாளுங்க ரொம்பக் கம்மி. 12 பேரும் வெள்ளைக்காரங்களா வந்து உக்காந்தா ஒண்ணும் பண்ண முடியாதா? அவனுக்கு அங்க என்னதான் உரிமை, இல்ல எல்லாம் வக்கீல் பாத்துப்பாருன்னு சும்மா உக்காந்திருக்கணுமா?"

நான் வக்கீல் இல்ல. ஒரு கிரிமினல் டிஃபென்ஸ் (குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு) ஆபீஸ்ல பாராலீகலா, அதாவது வக்கீலுக்கு உதவியாளரா, பல வருஷம் வேலை பாத்தேன், ஜூரி செலக்‌ஷன் அன்னிக்கி வக்கீல் பக்கத்துல உக்காந்து யாரு என்ன சொன்னாங்க, யார லிஸ்ட்லருந்து தூக்குனாங்கன்னு எழுதிக்கிட்டே இருக்கறதுதான் என் வேலை. அதனால இதுல கொஞ்சம் அனுபவம் உண்டு. ஆனா அவன் வக்கீல் சொல்றதுதான் கடைசி வார்த்தை, ஏன்னா ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ரூல் மாறும்.

பயப்படற கேள்விக்கே மொதல்ல வரேன். 12 பேரும் வெள்ளைக்காரங்களா வந்தா அது மட்டுமே சட்டப்படி தப்பு கிடையாது. "என் இனத்து ஆளுங்க இத்தன பேர் ஜூரில இருக்கணும்"னு கேக்கற உரிமை யாருக்கும் இல்ல. ஆனா அந்த 12 பேர் எப்படி வந்து சேந்தாங்கங்கறதுல தப்பு இருக்கலாம், அவனோட உரிமை எல்லாம் அந்த "எப்படி"லதான் இருக்கு. செலக்‌ஷன்னு பேருதானே ஒழிய அங்க யாரும் யாரையும் செலக்ட் பண்றதில்ல. ரெண்டு தரப்பும் மாத்தி மாத்தி கழிச்சுக்கட்டிட்டே வருவாங்க, கழிஞ்சது போக மிச்சம் நிக்கறவங்கதான் ஜூரி. இன்னொண்ணு, இத நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன், பொறுத்துக்கங்க: இதுல முக்கால்வாசி உரிமை அந்த நேரத்துல வாயத் தொறந்து கேட்டாத்தான் உண்டு, கேக்காம விட்டுட்டு அப்பீல்ல போய் அழுதா பெரும்பாலும் வேலைக்கு ஆகாது.

பையன் சிட்டிசன் இல்லன்னாலும் இது எல்லாம் அவனுக்கும் உண்டு. அமெரிக்க அரசியலமைப்போட ஆறாவது திருத்தம், 1791ல வந்தது, "குற்றம் சாட்டப்பட்டவர்"னுதான் சொல்லுதே தவிர குடிமகன்னு சொல்லல. பாரபட்சமில்லாத ஜூரி, பப்ளிக் ட்ரையல், சீக்கிரம் ட்ரையல், எல்லாம் அதுலதான் வருது. ஸ்டேட் கோர்ட்டுகளுக்கும் இந்த ஜூரி உரிமை பொருந்தும்னு 1968ல டங்கன் கேஸ்ல சொன்னாங்க. லூசியானாவுல 19 வயசு கறுப்பினப் பையன் ஒரு வெள்ளைக்காரப் பையனோட முழங்கையில தட்டினான்னு கேஸ், 60 நாள் ஜெயில், 150 டாலர் ஃபைன், ஜூரி கேட்டதுக்கு அதெல்லாம் கிடையாதுன்னுட்டாங்க. அந்தக் குற்றத்துக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை குடுக்கலாம், அப்ப ஜூரி குடுத்தே ஆகணும்னுது சுப்ரீம் கோர்ட். அதிகபட்சம் ஆறு மாசமோ அதுக்குக் கம்மியோ தண்டனை இருக்கற சில்லறை கேஸுக்குத்தான் பொதுவா ஜூரி உரிமை இல்ல. ஃபெலனின்னா கண்டிப்பா உண்டு. ஜூரியே வேணாம், ஜட்ஜே தீர்ப்பு சொல்லட்டும்னு அவன் நெனச்சாலும் ஃபெடரல் (மத்திய அரசோட) கோர்ட்லயும் நிறைய ஸ்டேட்டுகள்லயும் பிராசிக்யூட்டர், அதாவது அரசாங்கத் தரப்பு வக்கீல், சம்மதிக்கணும்.

நம்ம ஊர்ல ஜூரி சிஸ்டம் இல்லாததால இது புரியறது கொஞ்சம் கஷ்டம். 1959 நானாவதி கேஸோட ஜூரி ஒழிஞ்சதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது பாதி உண்மை, அதுக்கப்புறமும் சில எடத்துல ஓடிட்டிருந்து 1973 கிரிமினல் புரொசீஜர் கோட்லதான் சுத்தமா போச்சு. இலங்கையில ஹைகோர்ட்ல இன்னும் இருக்கு, ஏழு பேர் ஜூரி, எந்த மொழி பேசற ஜூரி வேணும்னு கேக்கற வாய்ப்பு கூண்டுல நிக்கறவருக்கு. தமிழ் எம்.பி. ரவிராஜ் கொலை கேஸ்ல 2016 டிசம்பர்ல முழுக்க சிங்கள ஜூரி எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு, ஞாபகம் இருக்கும். ஜூரில யாரு உக்காராங்கங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

சரி, அமெரிக்காவுக்கே வருவோம். அன்னிக்கி ஹாலுக்கு வரப்போற கூட்டத்த வெனையர்னு சொல்லுவாங்க, அவன் மொத உரிமை அந்த கூட்டத்து மேலதான். அந்த கவுண்டியோ டிஸ்ட்ரிக்டோ எப்படி இருக்கோ அதே சாயல்ல அந்த லிஸ்ட்டும் இருக்கணும். 1975ல டெய்லர் கேஸ், இதுவும் லூசியானாதான். அங்க ஒரு பொம்பளை ஜூரில உக்காரணும்னா தானே முன்வந்து எழுதிக்குடுத்திருக்கணும்னு சட்டம், அதனால ஜூரிக்கு தகுதியானவங்கள்ல 53 சதவீதம் பெண்களா இருந்தும், டெய்லருக்கு வந்த 175 பேர் லிஸ்ட்ல ஒரு பெண்கூட இல்ல. அவரு ஆம்பளை, உங்களுக்கு என்னய்யா நஷ்டம்னு கேட்டுப்பாத்தாங்க, கோர்ட் ஒத்துக்கல, லிஸ்ட் நேர்மையா இருக்கணுங்கறது யாரா இருந்தாலும் அவங்க உரிமைன்னு சொல்லிடுச்சு.

ஆனா இத நிரூபிக்கறது லேசு இல்ல. 1979 டூரன் கேஸ்ல மூணு விஷயம் காட்டணும்னாங்க. விடுபட்டது தனியா அடையாளம் தெரியற ஒரு குரூப்பா இருக்கணும், ஊர்ல இருக்கற அளவுக்கு லிஸ்ட்ல இல்லன்னு காட்டணும், அது ஏதோ ஒரு நாள் தற்செயலா நடந்தது இல்ல, ஆளெடுக்கற முறையிலயே கோளாறுன்னு காட்டணும். இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் கனெக்டிகட். ஹார்ட்ஃபோர்டுங்கற ஊரோட பேரு கம்ப்யூட்டர்ல அடுத்த கட்டத்துக்குள்ள ஒரு எழுத்து தள்ளிப் போயிடுச்சு, கடைசி எழுத்தான 'டி' போய் விழுந்தது ஆள் நிலவரம் எழுதற கட்டத்துல, அங்க 'டி'ன்னா 'டிசீஸ்ட்', அதாவது காலமாயிட்டாரு. ஆக ஒரு ஊரே செத்துப்போச்சுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிட்டு, கறுப்பினத்தவங்களும் ஹிஸ்பானிக் மக்களும் நிறைய இருக்கற அந்த ஊர்லருந்து ஒருத்தரையும் ஃபெடரல் ஜூரிக்கு கூப்பிடல. 1990கள்ல ஒரு கேஸ்ல லிஸ்ட்ட நோண்டிப் பாத்தப்பதான் இது தெரியவந்தது. யாரும் வேணும்னு பண்ணல, ஆனாலும் முறையில கோளாறுதானே, கோர்ட் ஒத்துக்கிச்சு.

அந்த மாதிரி நோண்டிப் பாக்கற உரிமையும் இருக்கு. ஃபெடரல் கோர்ட்ல 1968 ஜூரி சட்டப்படி அந்த ரெக்கார்டுகள டிஃபென்ஸ் பாக்கலாம், லிஸ்ட்டுல கோளாறு இருக்கும்னு முன்னாடியே நிரூபிக்கணும்னு அவசியமில்ல. ஆனா அந்தச் சட்டத்துக்கீழ ஆட்சேபணை பண்ணணும்னா கேள்வி கேக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பண்ணியாகணும், இல்ல கோளாறு தெரிய வந்த ஏழு நாளுக்குள்ள, ரெண்டுல எது முந்தியோ அது. அதனால ட்ரையல் அடுத்த மாசம்னா இத பத்தி வக்கீல் கிட்ட இந்த வாரமே கேளுங்க.

நம்மாளுங்க கம்மின்னு சொன்னீங்களே, அதுல ஒரு கசப்பான விஷயம். ஜூரில உக்கார சிட்டிசனா இருக்கணும். எச்1பி, கிரீன் கார்டுல இருக்கறவங்க எண்ணிக்கைலயே வரமாட்டாங்க, அத தப்புன்னு கோர்ட் சொல்லாது. சிட்டிசன் ஆனவங்களோ சம்மன் வந்த அன்னிக்கே வாட்ஸ்அப் குரூப்ல "எப்படி எஸ்கேப் ஆறது"ன்னு ஐடியா கேக்கறாங்க. நானே ஒரு பத்து பேருக்காவது போய்த் தொலைங்கய்யான்னு பதில் போட்டிருப்பேன்.

அடுத்தது கேள்வி கேக்கற கட்டம். வ்வார் டியர்னு பேரு, டெக்சாஸ் பக்கம் வோர் டயர்னு இழுப்பாங்க. ஜட்ஜோ, வக்கீலுங்களோ, ரெண்டு பேருமோ ஒவ்வொருத்தரையும் கேப்பாங்க: இந்த கேஸ பத்தி கேள்விப்பட்டீங்களா, போலீஸ்ல சொந்தக்காரங்க இருக்காங்களா, இவரு சாட்சி சொல்ல வரலன்னா தப்பு பண்ணிருப்பாருன்னு நெனப்பீங்களா, இப்படி. ஃபெடரல் கோர்ட்ல பெரும்பாலும் ஜட்ஜே கேட்டு ஒரு நாள்லயே முடிச்சிடுவாரு, ஸ்டேட் கோர்ட்ல வக்கீலுங்களுக்கு எடம் கொஞ்சம் ஜாஸ்தி. இதுல ஒரு ஜூரர் பாரபட்சமா இருக்காருன்னு தெரிஞ்சா "ஃபார் காஸ்" (காரணம் காட்டி) சேலஞ்ச் பண்ணலாம், அதுக்கு எண்ணிக்கையே கிடையாது, 40 பேர் பாரபட்சம்னா 40 பேரையும் தூக்கலாம், ஆனா ஜட்ஜ் ஒத்துக்கணும். இங்கதான் எனக்கு எரிச்சல். ஒருத்தர் "எனக்கு இந்த மாதிரி ஆளுங்கள கண்டாலே ஆகாது"ன்னு பட்டவர்த்தனமா சொல்லுவாரு, உடனே ஜட்ஜ் "அத ஒதுக்கி வச்சிட்டு நேர்மையா நடந்துக்க முடியுமா?"ன்னு கேப்பாரு, ஜட்ஜ் முன்னாடி நின்னுக்கிட்டு முடியாதுன்னு யாரு சொல்லுவா, "முடியும்"னுவாரு, முடிஞ்சது, உக்காருங்க. 1961ல இர்வின் கேஸ்ல கடைசியா உக்காந்த 12 பேர்ல 8 பேர் ஏற்கெனவே ஆள் குற்றவாளின்னு நெனச்சவங்க, ஆனா நேர்மையா இருப்போம்னு சொன்னவங்க. அந்த வார்த்தைய அப்படியே நம்ப முடியாதுன்னு தண்டனைய ரத்து பண்ணுச்சு சுப்ரீம் கோர்ட். அந்த அளவுக்கு முத்திப்போனாத்தான் தலையிடுவாங்க.

இன பாரபட்சத்த பத்தி ஜூரர்கள கேட்டே ஆகணும்னு எல்லா கேஸ்லயும் உரிமை இல்ல. கேஸோட மையத்துலயே இனப் பிரச்சனை இருந்தாலோ, மரண தண்டனை வரக்கூடிய கேஸ்ல கொன்னவர் ஒரு இனம் செத்தவர் வேற இனம்னாலோதான் கேட்டே தீரணும். மத்தபடி பெரும்பாலும் ஜட்ஜ் இஷ்டம். ஆனா கேக்கச் சொல்லி வக்கீல் எழுதிக்குடுக்கலாம், எழுதிக்குடுங்கன்னு நீங்க வக்கீல் கிட்ட சொல்லலாம். பையன் இந்தியன், சாட்சிங்க எல்லாம் வெள்ளைக்காரங்கன்னா நான் கண்டிப்பா கேக்கச் சொல்லுவேன். மரண தண்டனை கேஸுக்குத் தனி விதிகள் ஒரு கத்தை இருக்கு, உங்களுக்கு அது வேண்டாம், விடுங்க.

இப்ப முக்கியமான எடம். காரணம் சொல்லாமலே ஆளத் தூக்கறதுக்குப் பேரு பெரெம்ப்டரி ஸ்ட்ரைக். ஃபெடரல் ஃபெலனி கேஸ்ல டிஃபென்ஸுக்கு 10, அரசாங்கத்துக்கு 6. ஸ்டேட்ல வேற வேற கணக்கு. அரிசோனால 2022லருந்து இதையே எடுத்துட்டாங்க, இங்கிலாந்து 1988லயே எடுத்துடுச்சு, கனடா 2019ல. இது அரசியலமைப்பு உரிமை இல்ல, சட்டம் குடுத்த சலுகைதான், அதனால எடுத்தா கோர்ட்டுக்குப் போய் கேக்க முடியாது.

காரணம் சொல்ல வேண்டியதில்லங்கறதால ரொம்ப காலம் பிராசிக்யூட்டர்கள் கறுப்பினத்தவங்கள மொத்தமா தூக்கிட்டிருந்தாங்க. 1986ல கென்டக்கில பேட்சன்ங்கறவரோட திருட்டு கேஸ்ல அப்படித்தான், வந்த நாலு கறுப்பினத்தவங்களையும் தூக்கிட்டு முழு வெள்ளை ஜூரி. இனத்த வச்சு ஸ்ட்ரைக் பண்ணக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது அப்பத்தான், அதனாலதான் கோர்ட்ல வக்கீலுங்க "பேட்சன் சேலஞ்ச்"னு எந்திரிப்பாங்க. முறை இப்படி: இது இனத்த வச்சு பண்ண மாதிரி இருக்குன்னு டிஃபென்ஸ் மொதல்ல காட்டணும், அப்புறம் பிராசிக்யூட்டர் இனத்துக்கு சம்பந்தமில்லாத ஒரு காரணம் சொல்லணும், அது உண்மையா சாக்கான்னு ஜட்ஜ் முடிவு பண்ணணும். பின்னாடி இது பெண் ஆண் பாகுபாட்டுக்கும் பொருந்தும்னு 1994ல சொன்னாங்க. தூக்கப்பட்டவரும் பையனும் ஒரே இனமா இருக்கணும்னுகூட அவசியமில்ல, 1991லருந்து யார் வேணா கேக்கலாம். அதனால கறுப்பின ஜூரர தூக்கினாலும் உங்க பையன் தரப்பு ஆட்சேபிக்கலாம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ரெண்டாவது படி ஒரு ஓட்டை. 1995ல ஒரு கேஸ், முடி நீளமா சுருட்டையா இருக்கு, மீசையும் ஆட்டுத்தாடியும் வச்சிருக்காரு, அதான் தூக்கினேன்னாரு பிராசிக்யூட்டர். அந்தக் கட்டத்துல காரணம் நம்பற மாதிரி இருக்கணும்னுகூட இல்ல, இனம் இல்லாம இருந்தாப் போதும்னு விட்டாங்க. அதுக்கப்புறம் சாக்கு சொல்றது ஒரு கலையாவே ஆயிப்போச்சு. ஜார்ஜியாவுல ஃபாஸ்டர்ங்கற 19 வயசுப் பையன் கேஸ், 1987ல ட்ரையல், நாலு கறுப்பினத்தவங்களையும் தூக்கிட்டாங்க, அதுல ஒரு அம்மாவுக்கு 34 வயசு, பையன் வயசுக்குக் கிட்டக்க இருக்காங்கன்னு காரணம்! 34க்கும் 19க்கும் என்ன கிட்டக்கன்னு யாருக்கும் தெரியல. கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சு, நம்ம ஆர்டிஐ மாதிரி ஒரு சட்டத்துல கேட்டு பிராசிக்யூட்டரோட ஃபைல வாங்கினா, கறுப்பினத்தவங்க பேரு எல்லாம் பச்சைல கோடு போட்டு பக்கத்துல 'பி'ன்னு, அதாவது 'பிளாக்'னு, எழுதியிருக்கு. 2016ல தண்டனை ரத்து.

அதவிட பெரிய கூத்து மிசிசிப்பில கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ் கேஸ். 1996ல ஒரு ஃபர்னிச்சர் கடைல நாலு பேர் கொலை, அதே பிராசிக்யூட்டர் இவர் மேல ஆறு தடவ ட்ரையல் நடத்தினாரு. ஆறு ட்ரையல்லயும் சேத்து தூக்க வாய்ப்பு இருந்த 42 கறுப்பினத்தவங்கள்ல 41 பேர தூக்கியிருக்காரு. ஆறாவது தடவ, தூக்கின அஞ்சு கறுப்பினத்தவங்ககிட்ட மொத்தம் 145 கேள்வி, உக்கார வச்ச 11 வெள்ளைக்காரங்ககிட்ட மொத்தம் 12 கேள்வி. அதாவது தூக்கறதுக்கு காரணம் கிடைக்கற வரைக்கும் நோண்டியிருக்காரு. 2019ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு, 2020ல கேஸையே வாபஸ் வாங்கினாங்க. இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? யாரோ ஒருத்தர் அன்னிக்கி உக்காந்து யாருகிட்ட எத்தன கேள்வின்னு ரெக்கார்டுல வர வச்சதுனாலதான். என் பழைய வேலை மேல எனக்கு மரியாதை வர்றதே இந்த கேஸ படிக்கும்போதுதான்.

வாஷிங்டன் ஸ்டேட் 2018லயும் கலிஃபோர்னியா அதுக்கப்புறமும் ரூல கொஞ்சம் இறுக்கிட்டாங்க, அங்க பிராசிக்யூட்டர் மனசுல வன்மம் இருந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியதில்ல, வெளியிலருந்து பாக்கற ஒருத்தருக்கு இனம் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னு தோணினாப் போதும். உங்க பையன் கேஸ் அந்த ஸ்டேட்டுன்னா அதிர்ஷ்டம். ஒரு எச்சரிக்கை: இந்த ரூல் ரெண்டு பக்கமும் வெட்டும். 1992லருந்து டிஃபென்ஸும் இனத்த வச்சு ஸ்ட்ரைக் பண்ணக்கூடாது. "அந்த பத்து ஸ்ட்ரைக்லயும் வெள்ளைக்காரங்கள தூக்கிடலாமே"ன்னு யோசிக்கறவங்க வீட்டுல யாராவது இருந்தா அத அங்கயே நிறுத்திக்கங்க.

சும்மா உக்காந்திருக்கணுமான்னு கேட்டீங்க. உக்காந்திருக்கறதே ஒரு உரிமை. ஜூரி எடுக்கற முழு நேரமும் அவன் அந்த ரூம்ல இருக்க உரிமை உண்டு, ஃபெடரல் ரூல்லயே எழுதியிருக்கு. சில ஜூரர்கள ஜட்ஜ் மேஜை பக்கம் தனியா கூப்பிட்டு கிசுகிசுன்னு பேசுவாங்க, நியூயார்க்ல 1992லருந்து அங்கயும் பாரபட்சத்த பத்தி கேக்கறப்ப கூட நிக்க உரிமை உண்டு, பல பேர் அந்த உரிமைய என்னன்னே தெரியாம கையெழுத்துப் போட்டு விட்டுக்குடுத்துடறாங்க. ஜெயில்ல இருக்கான்னா ஜெயில் டிரஸ்லயே ஜூரி முன்னாடி கொண்டுவர கட்டாயப்படுத்தக்கூடாது, 1976லயே சொல்லியாச்சு, ஆனா அதுலயும் ஆட்சேபிக்கணும், பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துப்பாங்க. சட்டை பேன்ட் வீட்டுலருந்து அனுப்பிடுங்க. ஜூரி கண்ணுல படற மாதிரி விலங்கு போடணும்னா அதுக்கு தனியா தகுந்த காரணம் வேணும். ஃபெடரல் கோர்ட்ல இங்கிலீஷ் சரளமா வராதுன்னா இன்டர்பிரெட்டர் அவங்களே ஏற்பாடு பண்ணணும், ஜூரி கேள்வி பதிலுக்கும் சேத்துத்தான், ஸ்டேட்லயும் கேளுங்க. தமிழுக்கு ஆள் கிடைக்க நாளாகும், முன்னாடியே சொல்லி வைங்க.

யார தூக்கறதுங்கற கடைசி முடிவு வக்கீலோடது. ஜூரி வேணுமா வேணாமா, குற்றத்த ஒத்துக்கறதா, சாட்சி சொல்றதா, இதெல்லாம்தான் பையன் முடிவு. ஆனா பக்கத்துல ஒரு பேப்பர் வச்சுக்கிட்டு, யார் தன்னப் பாத்து முகத்தச் சுளிச்சாங்க, யார் அந்தக் கேள்விக்கு தயங்கினாங்கன்னு எழுதித் தள்ளினா எந்த நல்ல வக்கீலும் பாப்பாரு. எங்க ஆபீஸ்ல ஒரு தடவ கிளையன்ட்தான் ஒரு ஜூரர் தன் எதிர்வீட்டுக்காரரோட மச்சான்னு கண்டுபிடிச்சாரு, நாங்க யாரும் கவனிக்கல.

ஜூரி சத்தியம் எடுத்த நிமிஷத்துலருந்து கணக்கு மாறிடும். அதுக்கப்புறம் ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவ நிறுத்தக்கூடாதுங்கற பாதுகாப்பு ஆரம்பிக்குது, இந்த ஜூரி பிடிக்கல வேற ஜூரி எடுத்துக்கறேன்னு பிராசிக்யூட்டர் அவ்வளவு லேசுல கேஸ கலைக்க முடியாது. அதே மாதிரி உங்க தரப்பு ஆட்சேபணை எல்லாம் அதுக்கு முன்னாடியே ரெக்கார்டுல ஏறியிருக்கணும்.

கடைசியா வீட்டு ஆளுங்களுக்கு. ஜூரி செலக்‌ஷனும் பப்ளிக் ட்ரையல்தான், நீங்க போய் உக்காரலாம். 2010ல ப்ரெஸ்லி கேஸ்ல மாமாவோ சித்தப்பாவோ ஒருத்தர் மட்டும் உக்காந்திருந்தாரு, ஜூரர்களுக்கு எடம் வேணும்னு ஜட்ஜ் அவர வெளிய அனுப்பிட்டாரு, அது தப்புன்னு தீர்ப்பு வந்துச்சு, ஏன்னா வக்கீல் அப்பவே ஆட்சேபிச்சிருந்தாரு. மாசச்சூசெட்ஸ்ல வீவர் கேஸ்லயும் அதே கதைதான், ரூம் சின்னதுன்னு வீவரோட அம்மாவையும் அவங்க சர்ச் பாதிரியாரையும் ரெண்டு நாள் உள்ளயே விடல. ஆனா வக்கீல் அன்னிக்கி ஒண்ணும் சொல்லல, 2017ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தோத்துட்டாங்க. அதனால அம்மாவும் அப்பாவும் காலைலயே போய் பின்வரிசைல எடம் பிடிக்கட்டும். யாராவது வெளிய போங்கன்னா சண்டை போடாம எந்திரிச்சு, கதவத் தாண்டறதுக்கு முன்னாடி வக்கீல் கண்ணுல படற மாதிரி ஒரு கை காட்டிட்டுப் போகச் சொல்லுங்க.